பள்ளி முற்றத்துத் தேர்தலும் தாய்மார் கடனும்

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் நாடே அதிரும். சட்டமன்றத் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் நிறம் மாறும். ஊராட்சித் தேர்தல் வந்தால் உடன்பிறந்தாரும் பகைவராவர். இம்மூன்றினும் நம் பிள்ளைகளின் வருங்காலத்தை நெருங்கித் தொடும் வேறொரு தேர்தல் உண்டு. அது நடப்பதை ஊரிற் பெரும்பாலார் அறியார். அதற்குக் கொடியில்லை, ஒலிபெருக்கியில்லை, பணமுடிப்பில்லை. அரசுப் பள்ளி முற்றத்தில் ஒருநாட் பொழுதில், வந்திருந்த பெற்றோரைக் கொண்டு அது முடிந்துவிடுகின்றது. பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலையே சொல்கின்றோம்.

2009-ஆம் ஆண்டின் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இக்குழுவை வகுத்தது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய பங்கு வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டிலும், பின்னர் 2024-ஆம் ஆண்டிலும் இக்குழுக்கள் புதிதாய் அமைக்கப்பட்டன. தலைமைப் பொறுப்புத் தாய்மார்க்கே என்று வைத்தனர். நல்ல ஏற்பாடே. ஆயின், அப்பொறுப்பிற்கு நிற்கும் தாய் எதை முதலில் வைத்து நிற்கிறாள் என்பதைப் பொறுத்தே அவ்வேற்பாட்டின் பயன் அமையும்.

பள்ளியின் நடப்பைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வரைந்து தருதல், அரசும் உள்ளாட்சியும் தரும் பணம் எவ்வாறு செலவாகின்றது எனப் பார்த்தல் ஆகிய மூன்றும் சட்டம் இக்குழுவிற்குத் தந்த உரிமைகள். இவ்வுரிமைகளைக் கையிற்கொண்டு நம் குழுக்கள் பெரும்பாலும் என் செய்கின்றன? வாயிலுக்கு வளைவு வேண்டும். சுவருக்கு வண்ணம் வேண்டும். ஆண்டுவிழாவிற்குப் பந்தல் வேண்டும். இவை தீங்கல்ல. ஆனால், பசித்த பிள்ளைக்குப் பட்டுச்சட்டை தைப்பது போன்றவை. வண்ணம் பூசிய சுவர் பாடஞ் சொல்லாது.

ஊரார் பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதிதன்று. காமராசர் ஆட்சியில், 1950-களின் இறுதியில், நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிக்கல்விப் பொறுப்பிலிருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. உழவரும் தொழிலாளரும் நிலமும் பணமும் பொருளும் உவந்தளித்துப் பள்ளிகளை வளர்த்தனர். அன்று ஊரார் கொடுத்தார்கள். இன்று கொடுக்க வேண்டிய கடன் அரசுடையது. கேட்டுப் பெற வேண்டிய கடன் ஊராருடையது.

முதற்கடன்: ஆசிரியரும் படிப்பும்

தலைமைக்கு நிற்கும் தாய் முதலிற் கேட்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கையை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று சட்டத்தின் அட்டவணையே வரையறுக்கின்றது. இருவரே உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் அவ்விருவரே நடத்தியாக வேண்டும். ஒருவர் பயிற்சிக்குச் சென்றாலோ, பதிவேடுகளை நிரப்ப அமர்ந்தாலோ, எஞ்சிய ஒருவர் ஐந்து வகுப்புகளையும் மேய்ப்பவராவாரே யன்றிக் கற்பிப்பவராகார். குடிமதிப்பு, பேரிடர்த் துயர்துடைப்பு, தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று 27-ஆம் பிரிவு சொல்கின்றது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டிற்கு 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் நடக்க வேண்டும் என்று அட்டவணை சொல்கின்றது. இவ்வெண்களை அறிந்த தாய் ஒருத்தி கூட்டத்தில் அமர்ந்தால், அலுவலர் விடைசொல்லியே ஆகவேண்டும். அறியாத இருபதின்மர் அமர்ந்தாலும் தேநீர் அருந்திக் கையொப்பமிட்டு எழுந்துவர வேண்டியதே.

அடுத்து, பிள்ளை படிக்கின்றானா என்பது. இதற்குப் பெரிய ஆய்வேதும் வேண்டா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தம் தமிழ்ப் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொல்ல வல்லரா என்று குழுவே பார்க்கலாம். படித்தால் ஆசிரியரைப் பாராட்டுக. தடுமாறினால், எதனால் என்று அவரோடு அமர்ந்து ஆய்க. ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது குழுவின் வேலையன்று. அவர்க்குத் துணைநிற்பதே வேலை.

தலையாய கடன்: பயிற்றுமொழி

இனி, எல்லாவற்றினும் தலையாய செய்திக்கு வருவோம். இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாகவே இருத்தல் வேண்டும் என்று இதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு கூறுகின்றது. நாம் எழுதிய சட்டமன்று. தில்லி எழுதிய சட்டம். அச்சட்டம் சொல்வதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியே மீறினால் யாரிடம் முறையிடுவது?

தனியார் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தாய்மொழிவழிக் கல்வியைக் கொண்டுவரும் நோக்கில் 1999-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பிருந்த ஆண்டு அது. 2000-இல் சென்னை உயர்நயன்மன்றம் அவ்வாணையை வீழ்த்தியது. தொடக்கக் கல்வியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு வற்புறுத்த முடியாது என்று 2014-இல் கருநாடக வழக்கில் உச்சநயன்மன்றமும் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகளைக் காட்டித்தான் ஆட்சியாளர் நம்மிடம் கைவிரிக்கின்றனர். ஆனால், அவை தடுத்ததெல்லாம் பிறர் பள்ளிகளின்மேல் அரசு செலுத்தும் கட்டாயத்தையே. தன் சொந்தப் பள்ளிகளில் தமிழ்வழியைக் காத்து வளர்க்க வேண்டா என்று எந்த நயன்மன்றம் சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளுக்குள் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தது நயன்மன்றமன்று. நாம் ஒப்போலை இட்டு அமர்த்திய ஆட்சி. அடுத்துவந்த ஆட்சியும் அதை மூடவில்லை.

மும்மொழித் திட்டத்தை உள்ளடக்கிய புதிய கல்விக் கொள்கைக்கு இணங்காமையால், தமிழ்நாட்டிற்குரிய பள்ளிக்கல்வித் தொகை 2,152 கோடி உருபாவை இந்திய அரசு 2024-25-இல் விடுவிக்காமல் நிறுத்தி வைத்தது. அவ்வடாவடியை நாம் எதிர்த்தோம், என்றும் எதிர்ப்போம். ஆயினும், தெருவாயிலில் இந்தியை மறித்து நிற்கும் நம் முதுகிற்குப் பின்னே, ஆங்கிலம் அடுப்பங்கரை வரை சென்று அமர்ந்துவிட்டதையும் பார்த்தாக வேண்டுமன்றோ?

ஆங்கிலவழிப் பிரிவுகள் எவ்வாறு நடக்கின்றன? பல பள்ளிகளில் அதற்கெனத் தனியே ஆசிரியரில்லை. தமிழில் பயின்று, தமிழில் பயிற்றப் பழகிய அதே ஆசிரியர், அதே அறையில், இந்த வரிசைக்குத் தமிழ்நூலும் அந்த வரிசைக்கு ஆங்கில நூலும் வைத்து நடத்துகின்றார். பிள்ளைக்கு ஆங்கிலமும் வருவதில்லை, கணக்கும் புரிவதில்லை. புரியாததை நெட்டுருப் போட்டு ஒப்பித்தலே கல்வி என்று ஆறு அகவையிலேயே அதற்குக் கற்பித்துவிடுகின்றோம்.

தாயின் அச்சமும் விடையும்

"தமிழில் படித்தால் என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" என்று தாய் கேட்கிறாள். அவளை இகழ்வது அறமன்று. கூலிவேலை செய்து தேய்ந்த கைகள் தம் பிள்ளையின் கையிலேனும் எழுதுகோல் நிலைக்கட்டும் என்று விரும்புகின்றன. அவ்விருப்பத்திற்கு வெறும் முழக்கத்தை விடையாகத் தருதல் போதாது.

முதல் விடை: ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதும், ஆங்கிலத்தின் வழியாக எல்லாவற்றையும் கற்பதும் ஒன்றல்ல. நன்கு பயிற்றப்பட்ட ஆசிரியரைக் கொண்டு ஆங்கிலத்தை ஒரு பாடமாகச் செவ்வனே கற்பிக்குமாறு குழு கேட்கட்டும். அதனைத் தடுப்பார் எவருமிலர். தன் மொழியில் கணக்கையும் அறிவியலையும் தெளியக் கற்ற பிள்ளைக்கே பிறமொழியும் கைவரும்.

இரண்டாம் விடை, பெரும்பாலான தாய்மார் அறியாதது. தமிழ்வழியிற் படித்தோர்க்கு மாநில அரசுப் பணி அமர்த்தத்தில் 20 விழுக்காட்டு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. கடைசிப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தாற் போதாது, முதல் வகுப்புத் தொடங்கி அப்பணிக்குரிய தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, ஆறு அகவையில் ஆங்கிலவழி வரிசையில் அமர்த்தப்படும் பிள்ளை, தன் இருபதாம் அகவைக்குரிய ஓர் உரிமையை அன்றே இழக்கின்றது. சேர்க்கை நாளில் இதனை எந்தத் தாய்க்கேனும் எடுத்துச் சொன்னவர் உண்டா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகட்கென 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் பயிற்றுமொழி எதுவென்று கேட்பதில்லை. வேலைக்காகவே ஆங்கிலவழி என்பார், வேலையையே இழக்கும் வழியைப் பிள்ளைக்குக் காட்டுகின்றனர்.

மூன்றாம் விடை: தமிழால் உயர்கல்வி இயலாது என்பது பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்கு நூல்களும் ஆக்குவித்தார். அயலான் ஒருவன் அன்று செய்ததை, ஆட்சியும் பல்கலைக்கழகமும் பெற்றிருக்கும் நாம் இன்று இயலாதென்கின்றோம். இயலாமை மொழியில் இல்லை. ஆள்வோர் நெஞ்சில் இருக்கின்றது.

பயிற்றுமொழியைத் தானே மாற்றும் உரிமை குழுவிற்கு இல்லை என்பது மெய். ஆயினும், தமிழ்வழிப் பிரிவை மூடலாகாது, அதற்குரிய ஆசிரியரைக் குறைக்கலாகாது, தமிழ்வழி உரிமைகளைச் சேர்க்கையின்போதே பெற்றோர்க்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்னும் மூன்றையும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதிவைக்கும் உரிமை உண்டு. ஒரு பள்ளி எழுதினால் அது தாள். ஆயிரம் பள்ளிகள் எழுதினால் அது நாட்டின் குரல்.

பிற கடன்கள்

கழிப்பறையும் குடிநீரும் சட்டம் தரும் உரிமைகள். கழிப்பறைக்குக் கதவும் நீரும் இல்லாத பள்ளியில் வளர்ந்த பெண்பிள்ளை நிலைக்க மாட்டாள் என்பதைத் தாய்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கி, 1982-இல் ம. கோ. இராமச்சந்திரனால் விரிவாக்கப்பட்ட நண்பகலுணவும், 2022-இல் வந்த காலையுணவும் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துவந்த பேரறங்கள். ஆனால், சமைப்பவர் குலம் கேட்டுத் தட்டை விலக்கும் கொடுமை இன்னும் சில ஊர்களில் தலைகாட்டுகின்றது. அந்நோய்க்கு அப்பள்ளியில் இடங்கொடேன் என்று சொல்லாதவள் தலைமைக்கு நிற்க வேண்டா. தமிழன் என்னும் ஒரு பெயரே அவ்வரிசையில் அமரும் பிள்ளைகட்குப் போதும்.

நூலகமும், நாளிதழும், நூல்களும் பள்ளிதோறும் வேண்டும் என்றும் அட்டவணை சொல்கின்றது. அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதைத் திறக்கச் சொல்வதும் குழுவின் கடனே. பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் வருகைப் பதிவேட்டில் தமிழிலேயே நிற்பதற்குச் செலவு ஏதுமில்லை. உணர்வு மட்டும் வேண்டும்.

நம்மவர்க்கு ஒரு சொல்

இறுதியாக, நம் இயக்க அன்பர்க்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கசப்பினும் சொல்லியே ஆகவேண்டும். இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் அப்பள்ளியிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்க்கே உரியது. மேடையில் தமிழ்வழிக் கல்விக்காக முழங்கிவிட்டுத் தம் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியின் ஊர்தியில் ஏற்றியனுப்புவார்க்கு, அம்முற்றத்தில் பெற்றோர் என்னும் உரிமையோடு நிற்க இடமில்லை. அழைப்பிதழைத் தூயதமிழில் அச்சிட்டுப் பிள்ளையின் நாவை ஆங்கிலத்திற்கு அடகு வைத்தவர் சொல்லை எந்தத் தாய் நம்புவாள்? அவரை நோக்கி அவள் கேட்கும் ஒரே கேள்வி, "உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது, ஐயா?" என்பதே. அக்கேள்விக்கு நாணாமல் விடைசொல்ல வல்லவரே தமிழ்வழிக் கல்வியைப் பற்றிப் பேசுக. மற்றையோர் முதலில் தம் வீட்டைத் திருத்துக.

ஆகவே, தமிழ்நெஞ்சம் கொண்ட தாய்மாரே! அடுத்த குழு அமையும் நாளில் அடுக்களை வேலையை ஒருபொழுது ஒத்திவைத்துப் பள்ளி முற்றத்திற்கு வாருங்கள். எழுந்து நின்று உங்கள் பெயரை முன்மொழியச் செய்யுங்கள். "ஆசிரியரைக் கேட்பேன்; படிப்பைப் பார்ப்பேன்; தமிழ்வழியைக் காப்பேன்; பந்தியிற் குலம் பேச விடேன்; கணக்கை எல்லார்முன்னும் படிக்கச் செய்வேன்" என்று ஐந்து சொல் சொல்லுங்கள். வேறு தேர்தல் அறிக்கை வேண்டா. அன்பர்களே! உங்கள் பிள்ளையை அப்பள்ளியிற் சேர்த்துவிட்டு, அத்தாய்மார்க்குப் பின்னே நில்லுங்கள்.

கோட்டையில் அமர்ந்து தமிழைக் காப்போம் என்றவர்களை நம்பி நெடுங்காலம் காத்திருந்தோம். இனிப் பள்ளி முற்றத்திலிருந்து தொடங்குவோம்.