சிறுதேர்ப் பருவம்

இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டிற்கு உறவினர் ஒருவர் வருகிறார். வெறுங்கையோடு வருதல் முறையன்று என்று கருதி, கடைத்தெருவில் ஒரு பொம்மை வண்டி வாங்கி வருகிறார். விசையை அழுத்தியதும் அது சிவப்பும் நீலமுமாக ஒளி வீசுகிறது. காது கூசும்படி ஊதுகிறது. தானே கூடத்தைச் சுற்றி ஓடிச் சுவரில் மோதித் திரும்புகிறது. வீட்டார் கைதட்டி மகிழ்கின்றனர். குழந்தையும் சிறிது நேரம் விழி விரியப் பார்க்கிறது. பிறகு மெல்ல நகர்ந்து, வண்டியை வைத்திருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறது. அதன் மூடியைத் திறக்கிறது; மூடுகிறது; உள்ளே ஒரு கரண்டியைப் போடுகிறது; எடுக்கிறது; மீண்டும் போடுகிறது. "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினேன், இவனுக்குப் பெட்டிதான் பிடித்திருக்கிறது!" என்று உறவினர் நகைக்கிறார்.

அவர் வேடிக்கையாகக் கூறியதில் உண்மை இருக்கிறது. பெட்டி குழந்தைக்கு வேலை கொடுத்தது. வண்டியோ குழந்தை செய்யவேண்டியதையும் தானே செய்துவிட்டது. விளையாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது என்னென்ன செய்யும் என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, அதை வைத்துக்கொண்டு குழந்தை என்னென்ன செய்யும் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து.

இரண்டு வயது என்பது எத்தகைய வயது? நடை தேர்ந்து ஓட்டம் தொடங்கியிருக்கும். இரண்டு சொற்களை இணைத்து, "அம்மா வா", "பால் இல்லை" என்று பேச முயலும். பிடிக்கவும் விடவும் கை நன்கு பழகியிருக்கும். விரல்நுனியால் செய்யும் நுண்தொழில் இன்னும் கைவந்திராது. தள்ளினால் உருளுமா, போட்டால் ஒலிக்குமா, ஊற்றினால் நிறையுமா என்று அது ஓயாமல் சோதித்துப் பார்க்கும். ஒருமுறை கண்ட விடையை உடனே நம்பிவிடாது. பத்துமுறை செய்து பார்க்கும். பெரியோர்க்குச் சலிப்பூட்டும் அந்தத் திரும்பச் செய்தலே குழந்தைக்குப் பேரின்பம். தானே செய்யவேண்டும் என்னும் பிடிவாதமும் இவ்வயதில்தான் முளைக்கிறது. சோற்றைத் தானே அள்ளவேண்டும். செருப்பைத் தானே மாட்டவேண்டும். உதவ நீளும் கையைத் தட்டிவிடும். இத்தகைய குழந்தையிடம், "நீ சும்மா இரு, நான் ஆடிக் காட்டுகிறேன்" என்று சொல்லும் பொம்மையைக் கொடுத்தால் அது என்செய்யும்?

நம் முன்னோர் இப்பருவத்தை நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் வருவன சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்னும் மூன்று. மரபாகச் சொல்லும் ஒரு கணக்கின்படி சிறுதேர்ப் பருவம் 21ஆம் திங்களுக்கு உரியது. அதாவது, குழந்தை இரண்டாண்டு நிரம்புதற்குச் சற்று முன்னர். கட்டியதைக் கலைத்தல், தட்டி ஓசை எழுப்புதல், உருட்டி ஓட்டுதல் ஆகிய மூன்றும் குழந்தை தானே செய்து, செய்ததன் பயனை உடனே காணும் செயல்களல்லவா? ஒரு வாரம் குழந்தையோடு பழகியவர் எவரும் இவ்வரிசை ஏட்டிலிருந்து மட்டும் பிறந்ததன்று என்பதை உணர்வர்.

பட்டினப்பாலையில் இன்னுமோர் அழகிய செய்தி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வீடுகளின் முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் கவர வந்த கோழியை விரட்ட, மகளிர் தம் கனத்த காதணியைக் கழற்றி எறிகின்றனர். அக்காதணி, சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் மூன்றுசக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து தடுக்கிறது என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்நகரத்தின் செல்வப் பெருக்கைக் காட்டப் புலவர் இதனைச் சொன்னார் என்பர் உரைகாரர். எனக்கோ அச்சிறுவர்களின் நினைவே முந்துகிறது. காதணி எத்துணை விலைபெறினும், அவர்களுக்கு அது தேர் ஓடும் வழியில் கிடந்த ஒரு தடை, அவ்வளவே. விலை உயர்ந்த பொம்மையைக் குழந்தை பெரிதாக மதிக்கும் என்று எண்ணுவோர் இப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இன்றும் நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் மூன்றுசக்கர நடைவண்டி விற்கிறது. நடை பழகுவதற்கென்று வாங்கும் அவ்வண்டி, நடை பழகிய பின்னரே மெய்யான விளையாட்டுப் பொருளாகிறது. குழந்தை அதில் செங்கல் துண்டை ஏற்றுகிறது, தலையணையை ஏற்றுகிறது, வாசல்வரை தள்ளிச் சென்று இறக்குகிறது. சுமை மிகுந்தால் வண்டி நகர மறுக்கிறது. அப்போது குழந்தை நின்று சிந்திக்கும் முகத்தைப் பார்க்கவேண்டும்!

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தலையும் இடையும் தனித்தனியே அசையும் நடனமாது பொம்மையை நான் குறிப்பிடவில்லை. அது மாடத்தில் வைத்து அழகு பார்ப்பதற்கு உரியது. சாய்த்தால் நிமிர்ந்துகொள்ளும் எளிய பொம்மையையே கூறுகிறேன். அதன் அடிப்பகுதி அரைக்கோள வடிவில் களிமண்ணால் கனமாக அமைந்திருக்கும். மேற்பகுதி காகிதக் கூழால் இலேசாக அமைந்திருக்கும். எடை முழுவதும் அடியில் திரண்டிருப்பதால், எப்பக்கம் சாய்த்தாலும் அது மீண்டும் நேரே நிற்கும். குழந்தை தள்ளும், பொம்மை எழும், மறுபடியும் தள்ளும், மறுபடியும் எழும். இவ்விளையாட்டில் முதலில் களைத்துப்போவது எப்போதும் அருகில் இருக்கும் பெரியவரே.

செப்புச் சாமான்களின் பெருமை வேறுவகையானது. அடுப்பு, பானை, உரல், அம்மி ஆகியவற்றின் சிறுவடிவங்களை மரத்தில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றுவதில் அம்பாசமுத்திரம் பெயர்பெற்ற ஊர். இரண்டு வயதில் குழந்தை பெரியோரைப் பார்த்து நடிக்கத் தொடங்குகிறது. வெறும் பானையிலிருந்து இல்லாத சோற்றை அள்ளி நமக்கு ஊட்டும். நாமும் மென்று காட்டவேண்டும். இல்லாததை உண்டென்று கொள்ளும் அந்த ஆற்றல் அறிவு வளர்ச்சியில் மிகப் பெரியதொரு படி. இதனைப் பெண் குழந்தைக்கு மட்டும் உரியதாக ஒதுக்குவது அறியாமை. ஆண் குழந்தையும் அடுப்பு மூட்டி விளையாட விரும்பும், கொடுத்துப் பாருங்கள்.

மேலை நாட்டினரும் இவ்வழியில் சிந்தித்ததுண்டு. செருமானிய நாட்டுப் பிரோபெல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்கள் வண்ணக் கம்பளிப் பந்து, மரக்கோளம், உருளை, கனசதுரக் கட்டை என மிக எளியவை. 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், அங்கு வைத்த அழகிய பொம்மைகளைக் குழந்தைகள் நாடவில்லை என்றும், கைக்கு வேலை தரும் கருவிகளையே நாடினர் என்றும் எழுதினார். பின்னர் 1939ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அம்மையாரின் கருத்து முழுமையும் எனக்கு உடன்பாடன்று. விளையாட்டை வேலைக்கு ஒருபடி தாழ்ந்ததாக அவர் கருதினார். செப்பு வைத்து விளையாடும் குழந்தையைக் கண்டவர்க்கு வேலை எங்கே முடிகிறது, விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லுதல் அரிது.

இனி ஒரு மறுப்பைக் கேட்போம். "காலம் மாறிவிட்டது. பொறிகளோடு வாழப்போகும் குழந்தை பொறிகளோடு விளையாடினால் என்ன? எழுத்தும் எண்ணும் பாடிக் காட்டும் பொம்மைகள் வந்துள்ளன. மரவண்டி எதைக் கற்பிக்கும்?" என்பர் சிலர். அவ்வாறு வினவுவோர் பிள்ளைமேல் அன்பில்லாதவர் அல்லர். தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சியே வருவாயை மீறியும் செலவு செய்கின்றனர். அவ்வச்சத்தை வளர்த்தே விற்பனை நடைபெறுகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டில் வெளியான வட அரிசோனாப் பல்கலைக்கழகத்து ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. பத்து முதல் பதினாறு திங்கள் நிறைந்த 26 குழந்தைகளும் அவர்தம் பெற்றோரும் அதில் பங்கு கொண்டனர். மின்கலத்தால் பேசும் பொம்மைகளை வைத்து விளையாடியபோது பெற்றோர் குழந்தையோடு பேசிய சொற்கள் குறைந்தன. படநூல்களையும் எளிய பொம்மைகளையும் வைத்து விளையாடியபோது மிகுந்தன. பொம்மை பேசத் தொடங்கியதும் தாய் வாய் மூடிக்கொள்கிறாள். குழந்தையோ மொழியைத் தாயிடமிருந்தே கற்கவேண்டும். கைப்பேசித் திரையைப் பற்றியும் இதையே கூறலாம். இரண்டு வயதுக் குழந்தை திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒருமணிக்கு மேற்படலாகாது என்றும், குறைந்தால் இன்னும் நன்று என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

பொம்மைகளின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. டொலீடோப் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் 36 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், பதினாறு பொம்மைகளுக்கு நடுவே விடப்பட்டபோது குழந்தைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவின. நான்கே பொம்மைகள் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம் இருந்து, பலவகையாக விளையாடின. வீட்டில் பொம்மைகள் குவிந்திருந்தால் பெரும்பகுதியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடலாம். கொலுப்பெட்டியைப் போலச் சில திங்கள் கழித்து இறக்கினால் பழையனவும் புதியன ஆகும்.

காப்பைப் பற்றி விரைந்து சொல்வேன். ஆயினும் இதில் தளர்ச்சி கூடாது. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைக் கலத்துள் முழுதும் அடங்கும் எப்பொருளும் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு ஆகாது என்பது பொம்மைகளைச் சோதிப்போர் கொள்ளும் அளவு. அக்காளின் பல்லாங்குழிச் சோழியும் புளியங்கொட்டையும் தம்பியின் தொண்டையை அடைக்க வல்லன. பொத்தான் போன்ற சிறு மின்கலம் அவற்றினும் கொடியது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அதைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு சனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. பதிவுபெற்ற கைவினைஞர்தம் பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆதலால் கைவினைப் பொருள் என்ற காரணத்தாலேயே கண்மூடி வாங்குதல் தவறு. வண்ணம் உதிர்கிறதா, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, சிராய் உண்டா என்று தடவிப் பார்த்தே வாங்கவேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் சிறுதேர்ப் பருவத்துத் தம்பியோ தங்கையோ இருக்கலாம். அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் தரக் காசு வேண்டும் என்பதில்லை. கோடையில் நுங்கு உண்டபின் எஞ்சும் கோந்தைகள் இரண்டை எடுத்து, நடுவே ஒரு குச்சியைச் செருகினால் அச்சும் சக்கரமும் ஆயின. கவட்டுக் கோலை அவ்வச்சின்மேல் பொருத்தினால் நுங்கு வண்டி ஆயிற்று. நீங்கள் உருட்டும் வண்டிக்கு நீண்ட கோல் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதன் மார்பளவுக் கோலே போதும். கோலின் நுனியையும், கோந்தைக்கு வெளியே நீளும் அச்சின் முனைகளையும் கூர் இல்லாமல் மழுக்கி, துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். முதல் நாள் குழந்தை அதைத் தலைகீழாகப் பிடித்து இழுக்கும், திருத்தப் போகாதீர்கள். சில நாளில் கோந்தை வாடிச் சுருங்கி, சக்கரம் கோணும். அடுத்தமுறை நுங்கு வாங்கும்போது வேறு இரண்டு கோந்தைகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.