கொளுத்தறதுக்கு முன்னாடி...

தாம்பரம் தாண்டி தவணையில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டுவிட்டு, மூன்று வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆபீஸ் ஆசாமிகள் ஏராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மனையைக் காணோம். சீமைக் கருவேலம்தான் இருக்கிறது! ஆள் வைத்து வெட்டியாச்சு. ஆளுயரத்துக்கு முள் குவியல். பாக்கெட்டில் வத்திப்பெட்டி, ஸ்கூட்டரில் பெட்ரோல். வீரத்துக்குக் கேட்கணுமா?

கொஞ்சம் பொறுங்க சார். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டாச்சு. ஊருக்குள் மனை என்றால் வத்திப்பெட்டியை மறந்துவிட்டு விறகுக்காரரைத் தேடுங்கள். வயற்காட்டில் எரிப்பவரும் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

ராமநாதபுரம் பக்கம் என் மாமா இதில் எக்ஸ்பர்ட். "என்ன டெக்னிக் மாமா?" என்றேன்.

"டெக்னிக்காவது! கொளுத்தறதுக்கு முன்னாடி எப்படி அணைக்கிறதுன்னு யோசிக்கணும் மாப்ளே."

முதலில் கைப்பருமன் கட்டைகளைத் தனியே எடுத்துவிடுகிறார். கரி மூட்டம் போடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். மிச்ச முள்ளை நன்றாகக் காயவிடுகிறார். பச்சையாக எரித்தால் புகைதான் மிச்சம். அரளி, டயர், பிளாஸ்டிக் எதுவும் அதில் சேரக்கூடாது. அரளிப் புகையே விஷம்.

மேலே கரண்ட் கம்பி, பக்கத்தில் கூரை வீடு இல்லாத இடமாகப் பார்த்து, சுற்றிலும் மண் தெரியும்வரை புல்லைச் செதுக்குகிறார். தண்ணீர்க் குடங்கள் ரெடி. காற்று எழும்பாத காலை நேரம். குவியலைக் கம்பால் கிளறி, உள்ளே குடியிருக்கும் பாம்பு, கீரிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தள்ளி ஒரு சின்ன நெருப்பு மூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளைத் தள்ளுகிறார்.

"மொத்தமா கொளுத்தினா சீக்கிரம் முடியுமே?"

"நெருப்பு சின்னதா இருந்தா நம்ம பேச்சை அது கேக்கும். பெருசானா அது பேச்சை நாம கேக்கணும்."

பெட்ரோல் என்றதும் முறைத்தார். அதன் ஆவி காற்றைவிட கனம். தரையோடு தவழ்ந்து காலடிக்கு வந்து நிற்கும். குச்சியை உரசினால் முதலில் பற்றுவது உங்கள் லுங்கிதான்.

எரிந்து முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்புவோம் இல்லையா? ஆபத்தே அப்போதுதான். மேலே சாம்பல், உள்ளே கங்கு. அவர் ஊரில் ஒரு வைக்கோல் போர் போனது இப்படித்தான். பகலில் எரித்தபோது ஒன்றும் ஆகவில்லை. ராத்திரிக் காற்றில் கங்கு பறந்தது. பத்தடி தள்ளி ஒரு குடிசை, உள்ளே தொட்டிலில் குழந்தை. அக்கம்பக்கம் விழித்துக்கொண்டதால் பிழைத்தார்கள்.

அதனால் மாமா தண்ணீர் ஊற்றுவார், கிளறுவார், மறுபடி ஊற்றுவார். புறங்கையைக் கிட்டே காட்டி, சூடு அடங்கினால்தான் வீட்டுக்கு நடை. கைமீறினால் தாமதிக்காமல் 101.

இன்னொரு சங்கதி. சீமைக் கருவேலத்தை வேரோடு தோண்டாவிட்டால், அடுத்த மழைக்கு ஜம்மென்று துளிர்த்து நிற்கும். மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி!