சந்தையைக் கேட்பவர்கள் சிப்பந்தியைக் கேட்கிறார்களா?



காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை என்றால் எல்லோருக்கும் விளங்கும். நெய்வேலிச் சுரங்க வேலை என்றாலும் விளங்கும். 'ஹெல்த்கேர் மார்க்கெட் ரிசர்ச்' கம்பெனியில் வேலை என்றால் யாருக்கு விளங்கும்? என் தங்கை மகள் பார்மசி படித்துவிட்டுச் சென்னையில் அப்படியொரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தபோது, "அங்கே என்னம்மா விற்கிறார்கள்?" என்றுதான் நானும் கேட்டேன்.

"தகவல் விற்கிறார்கள், மாமா" என்றாள்.

ஒரு மருந்துக் கம்பெனி சர்க்கரை நோய்க்குப் புதிய மாத்திரை கொண்டுவர நினைக்கிறது. டாக்டர்கள் இப்போது எந்த மாத்திரையை எழுதுகிறார்கள், ஏன் அதை எழுதுகிறார்கள், நோயாளி பாதியில் ஏன் நிறுத்திவிடுகிறார், மருந்துக் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். இதை விசாரித்து அறிக்கை கொடுப்பதுதான் இந்த நிறுவனங்களின் தொழில். இப்படிக் கிடைக்கும் அறிக்கையை நம்பித்தான் கோடிக்கணக்கில் சரக்கு உற்பத்தியாகிறது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1930-களிலேயே மருந்துக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் ஆளனுப்பி இருப்பு எடுத்தது. முந்தைய இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்தால் விற்பனை வந்துவிடும். நம் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் போடும் அதே கணக்கு! நம் நாட்டில் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் 1960-ல் பரோடாவில் ஓ.ஆர்.ஜி. என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனமும் கடைகளில் இருப்பு எடுத்து மருந்து விற்பனைக் கணக்கு கொடுத்தது. கையில் படிவத்தோடு வந்து, "அண்ணாச்சி, இந்த மாதம் எத்தனை பெட்டி போயிருக்கும்?" என்று கேட்ட இளைஞர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 'அப்புறம் வா' என்று விரட்டியும் இருப்போம்.

அந்த வேலையில் என் மருமகள் கண்ட நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனியில் சேர்ந்த அவளுடைய தோழி இரண்டு வருடமும் ஒரே வேலையைத்தான் செய்தாள். இவளோ ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கேள்வித்தாள் தயாரிப்பது, டாக்டர்களிடம் நேரம் வாங்குவது, மருந்துப் பிரதிநிதிகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது, பேட்டி எடுப்பது, கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவது, அறிக்கை எழுதுவது, கடைசியில் விலைப்புள்ளி கொடுப்பது வரை அவள் தொடாத வேலை இல்லை. பொட்டலம் மடிக்க வந்த பையன் இரண்டு வருடத்தில் கொள்முதலுக்கே போய்வரும் அளவுக்குத் தேறிவிடுகிறான் அல்லவா? அதே கதைதான். சிறிய இடத்தில்தான் தொழில் முழுதாகக் கைக்கு வரும்.

பொறுப்பும் கற்றுக்கொண்டாள். பேட்டியின் நடுவே ஒரு டாக்டர், "இந்த மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது" என்று பேச்சுவாக்கில் சொன்னால்கூட, அதைக் குறித்துவைத்து அடுத்த வேலை நாளுக்குள் மருந்துக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டுமாம். இது அந்தத் தொழிலின் ஒழுங்குமுறை. எங்கோ ஒரு நோயாளியின் உடம்புக்கு வந்த சங்கடம் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. கேட்டபோது எனக்கு மரியாதையாக இருந்தது.

இனி அல்லதைச் சொல்கிறேன். அந்த அலுவலகத்தில் மொத்தமே எட்டுப் பேர். ஒருவர் லீவு போட்டால் அந்த வேலையைப் பார்க்க வேறு ஆளில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பொழுது விடியும் நேரத்தில் இவர்களுக்குப் பொழுது சாய்ந்திருக்கும். இரவு பதினொரு மணிக்கு அறிக்கையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, காலை ஒன்பதரைக்கு மறுபடியும் வர வேண்டும். நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் ஒரு மாதம் ஐந்தாம் தேதி, ஒரு மாதம் இருபதாம் தேதி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற பேச்சே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான்கு நாள் ஊருக்கு வந்தவளுக்கு நாற்பது தடவை போன் வந்தது.

இரண்டு வருடம் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு வந்தாள். கடைசி மாதச் சம்பளம் வரவே இல்லை.

அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மருமகளே சொல்லவில்லை. அவருக்கு இருந்தது மூன்று, நான்கு வாடிக்கையாளர்கள். அவர்கள் பில்லுக்குத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருகிறார்கள். சிப்பந்திக்கோ முப்பது நாளுக்கு ஒரு தடவை சம்பளம் கொடுத்தாக வேண்டும். கடன் கொடுத்து நொந்த எந்த மளிகைக்காரருக்கும் இந்தச் சங்கடம் புரியும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் இருக்கிற நாலு வாடிக்கையாளரிடம் சட்டம் பேசி, அவர்களையும் இழக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆகவே அழுத்தமெல்லாம் கீழே இறங்கிக் கடைசியில் சிப்பந்தியின் தலையில் விழுகிறது.

என் வருத்தம் வேறு. ஊரிலுள்ள டாக்டரையும் நோயாளியையும் கடைக்காரரையும் தேடிப் போய், 'உங்களுக்கு என்ன குறை?' என்று கேட்பதே அந்த நிறுவனத்தின் பிழைப்பு. அந்தக் கேள்வியைத் தன் எட்டுச் சிப்பந்திகளிடம் ஒரு நாளாவது அது கேட்டதா? கேட்டிருந்தால் தொழில் தெரிந்த ஒரு பெண்ணை இழந்திருக்காது. அவள் போன பிறகு அவள் பேசிவைத்திருந்த டாக்டர்களின் பழக்கமும் அவளோடு போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டு அன்று கடையில் உட்கார்ந்தபடியே கொதித்துப் போனேன். "என்ன கம்பெனி இது! வேலை வாங்கத் தெரிகிறது, ஒரு கடிதம் கொடுக்கத் தெரியவில்லையா?" என்று சத்தம் போட்டேன். என் மருமகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, நம்ம கடை அண்ணனுக்கு நீங்க கடிதம் கொடுத்திருக்கீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சமயத்தில் அவர் வாசலில் சர்க்கரை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. யார் வீட்டுக்கு எந்த அரிசி, யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்பது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மகள் காதுகுத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் பெயரில் ஒரு காகிதம் இல்லை, ஒரு சேமிப்பு இல்லை. நாளைக்கு அவர் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டால் ஜிப்மருக்குக் கூட்டிப் போவேன். அதற்கு மேல்? எட்டுப் பேர் வைத்திருந்த அந்த முதலாளிக்கும் ஒரே ஆளை வைத்திருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"சங்கப் பத்திரிகையில் முதலாளிகளைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வணிகர்களாகிய நாம் நமக்கென்று ஒரு பாதுகாப்பு கேட்டோம். 1989-ல் தமிழ்நாட்டில் வணிகர் நல வாரியம் வந்தது. நமக்குக் கேட்கத் தெரிந்தது. கேட்கத் தெரியாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு யார் கேட்பது?

சட்டம் நம்மை விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மைதான். பி.எஃப். கட்டாயமாவதற்கு 20 பேர் வேண்டும், ஈ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேர் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனால் கட்டாயம் இல்லை என்றால் செய்யவே கூடாது என்று பொருளில்லை. முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் பி.எஃப்.பில் தாமாகவே சேரலாம். மாதம் 15,000 ரூபாய் வரை வருமானமுள்ள, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட அமைப்புசாராத் தொழிலாளருக்கென 2019-ல் மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால், அரசும் அதே அளவு போடும்; 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். ஒரு நாள் டீச் செலவை மிச்சம் பிடித்தால் அந்தப் பங்கை நாமே கட்டிவிடலாமே!

வேறு சில விஷயங்களில் சட்டம் நம்மையும் விடவில்லை. கடையில் வேலை செய்கிறவருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்குரிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆள் போய்விட்டானே என்ற கோபத்தில் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்கும் பழக்கம் நம் கடைத்தெருவிலும் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுவோம்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் அவர் பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, சம்பளம், வார விடுமுறை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சம்பளத் தேதி ஐந்து என்று முடிவு செய்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அவருக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டதால் அந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க முடியவில்லை. முன்பே எனக்குத் தோன்றாத குற்றம் அது! அதற்குப் பதிலாக தபால் அலுவலகத்தில் அவர் பெயரில் மாதச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன்.

தாளைக் கையில் கொடுத்ததும் அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, "ஏன் அண்ணாச்சி, என்னை நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார்.

பதினொரு வருடம் கழித்துக் கொடுத்தால் அப்படித்தான் கேட்பார். நீங்களாவது முதல் மாதமே கொடுங்கள்.