சட்டையில் தைத்த சின்னம் உண்மை சொல்ல வேண்டும்

குடியரசு தினமும் சுதந்திர தினமும் நெருங்கும்போதுதான் பல பள்ளிகளுக்குச் சாரணர் சீருடையின் நினைவே வருகிறது. சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, தொப்பி, கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் பெல்ட் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வரும். மடிப்புக் கலையாமல் நிற்கிறார்களா என்று ஆசிரியர் வரிசையாகப் பார்த்துப் போவார். சீருடையை முறையாக அணிவது என்பதை இந்த அளவிலேயே முடித்துக்கொள்கிறோம். மடிப்பும் மினுக்கும் வேண்டியவைதான். ஆனால் அந்த உடையில் இருக்கும் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சேர்ந்த அன்றே யாரும் சாரணர் ஆகிவிடுவதில்லை. பிரவேஷ் என்னும் நுழைவு நிலைக்குரிய பயிற்சியை முடித்து, உறுதிமொழி ஏற்ற பிறகுதான் உறுப்பினர் சின்னம் கிடைக்கும். அடுத்து சோபான் எனப்படும் மூன்று நிலைகள், ராஜ்ய புரஸ்கார் என்னும் மாநில விருது, குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் ஏறுகின்றன. முதலுதவி, முடிச்சுகள், சமையல், முகாம் வாழ்க்கை என ஒவ்வொன்றையும் செய்து காட்டித்தான் மேலே போக முடியும். ஆகவே சட்டைக் கையில் தைத்த சின்னம், 'இது எனக்குத் தெரியும், ஆபத்தில் என்னைக் கூப்பிடலாம்' என்று ஊருக்குச் சொல்லும் வாக்கு. கற்காத வித்தையின் சின்னத்தை அணிவகுப்பில் எடுப்பாகத் தெரியட்டும் என்று பிள்ளையின் சட்டையில் தைத்துவிடும் பெரியவர், அந்தப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறார். சாரணரின் ஒன்பது விதிகளில் முதலாவதே நம்பிக்கைக்குரியவராக இருப்பது. இந்த விருதுகளைக் கணக்கில் கொண்டு ரயில்வே சாரணர் ஒதுக்கீட்டில் வேலையும் தருகிறது என்பதால், பொய்ச் சின்னம் உழைத்துத் தேறிய வேறொரு பிள்ளையின் இடத்தையும் பறிக்கக்கூடும்.

ஸ்கார்ஃப் விஷயமும் இப்படித்தான். முக்கோணமாக வெட்டிய அந்தத் துணி, உடைந்த கையைத் தாங்கும் தூளியாகவும் தலைக்காயத்துக்குக் கட்டாகவும் உதவும். அழகுக்காக அளவைக் குறைத்துத் தைத்தால் அந்த உதவி போய்விடும். பார்வைக்குச் சீராக இருந்தாலும் அது முறையான சீருடை ஆகாது.

உள்ளம் சரியாக இருந்தால் உடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இயக்கத்தை நிறுவிய பேடன் பவலே, சாரணன் மனம் ஒன்றிப் பணி செய்தால் சீருடை இருக்கிறதா இல்லையா என்பது தமக்கு ஒரு பொருட்டல்ல என்று எழுதியவர். வாங்க முடிந்த சிறுவர்கள் அநேகமாக எல்லாரும் அதை அணிகிறார்கள் என்றும், ஏழை பணக்காரன் வேற்றுமையை அது மறைக்கிறது என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். வெள்ளைக்காரன் விட்டுப்போன உடைதானே என்ற வாதத்துக்கு வரலாறே பதில் தருகிறது. 1909-ல் சாரணியம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் தனி அமைப்பைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குத் தலைப்பாகையுடன் கூடிய சீருடை தந்தார். மறுக்கப்பட்டதைத் தமதாக்கிக்கொண்டு அணிந்த உடை இது.

செலவு பற்றிய கவலைதான் இவற்றில் மிக நியாயமானது. அரசுப் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இரண்டாவது சீருடை ஒரு சுமை. சிக்கனமும் சாரணர் விதிகளில் ஒன்று. வளர்ந்த மாணவர்களின் சட்டையையும் பெல்ட்டையும் வாங்கிவைத்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெரிய நிதி தேவையில்லை. பழைய சட்டையில் இருக்கும் சின்னங்களை மட்டும் பிரித்துவிட்டுக் கொடுங்கள்; புதியவர் தம் சின்னங்களைத் தாமே ஈட்டட்டும். அடுத்த அணிவகுப்புக்கு முன், மடிப்பைப் பார்க்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு சின்னத்தையும் காட்டி, 'இதைச் செய்து காட்டு' என்று கேட்க வேண்டும்.