அறியாமல் மதிக்க முடியுமா?

எம்மதமும் சம்மதம் என்று விழா மேடைகளில் முழங்குகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் ஒரே பெஞ்சில் ஐந்தாண்டுகள் உடன் அமர்ந்த மீனாட்சியின் சமயத்தைப் பற்றி மேரிக்கு என்ன தெரியும்? பாத்திமா ஏன் நோன்பிருக்கிறாள் என்று எவளாவது கேட்டதுண்டா? பொங்கலும் கேக்கும் பிரியாணியும் பரிமாறிக்கொள்வதோடு நம் நல்லிணக்கம் முடிந்துவிடுகிறது. (பிரியாணியை நான் குறை கூறவில்லை!)

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். தத்துவ போதகர் என்று போற்றப்படும் அவரை நாம் அறிவோம். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மரை எத்தனை பேர் அறிவோம்? அந்நியருக்கு வேதத்தைத் திறந்து காட்டுவது பெருந்தவறாகக் கருதப்பட்ட காலம் அது. துணிந்தவர் அந்த ஆசிரியரே. அடிகளார் கற்றதோ நம் மறையைப் பரப்பும் நோக்கத்தோடு. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. பிற சமயப் பெற்றோர் சிலர் இன்றும் அஞ்சுவது இதற்குத்தானே?

ஆகவே ஜி. யு. போப் ஐயரே நமக்கு ஏற்ற வழிகாட்டி என்பது என் கருத்து. அவரும் சமயப் பணிக்கென 1839-இல் தமிழகம் வந்தவர்தாம். எனினும் 1900-இல், தம் எண்பதாவது வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சைவ சித்தாந்தம் பற்றி விரிவான குறிப்புகளும் எழுதிச் சேர்த்தார். இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரோ மேலூருக்குப் பக்கத்தில், நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. நம் போன்ற பள்ளிகளிலோ மணி அடித்ததும் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்கும், மற்றவர் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்துவிடுகிறோம். மாதம் ஒரு நாளாவது இரு வகுப்பும் சேர்ந்து அமரட்டும். அந்தந்தச் சமயத்தவரே தம் சமயத்தை விளக்கட்டும். கேள்வி கேட்கலாம், வாதம் வேண்டாம். எல்லாம் ஒன்றே என்று அவசரப்பட்டுக் கூறவும் வேண்டாம். வேறுபாடு இருக்கும் இடத்தில் அது இருக்கட்டும்.

இதனால் பிள்ளைகளின் விசுவாசம் தளர்ந்துவிடுமோ என்று நம் பெற்றோர் கவலைப்படலாம். போப் ஐயருக்குத் தளரவில்லை. மதமாற்றத்துக்கு அஞ்சும் பெற்றோர் தாமே வந்து பின் பெஞ்சில் அமர்ந்து கேட்கலாம். அவர்களே பேசவும் செய்யலாம். முதல் வகுப்பை நடத்த இஸ்லாமியத் தாய் ஒருவரை அழைக்கும்படி அருட்சகோதரிகளை வேண்டுகிறேன். நோன்புப் பெருநாள் கழிந்த மாதமாயின் அவருக்கும் வசதியாயிருக்கும்.