மைலேஜை விட்டுத் தள்ளுங்கள்

பையன் பிக்கப் வண்டி வாங்கப் போகிறான் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். நம் வயதுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டியதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், போன வாரம் ஒரு துக்க வீட்டில்கூட ஒருவர் கேட்டார். எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

31 வருடம் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் டீசல் செக்‌ஷன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்கிற கணக்குக்கு டிப்போவில் கே.எம்.பி.எல். என்று பெயர். டிரைவர் வாரியாகப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். குறைந்தால் மெமோ. அந்தக் காலத்தில் டிரைவர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆகவே மைலேஜைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு வண்டிக்கு ஒரு மைலேஜ் என்று எதுவும் கிடையாது. அதே பஸ், அதே ரூட். காலை ஷிப்டில் ஒரு டிரைவர், மாலையில் இன்னொருவர். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் வரும். டயரில் காற்று குறைந்தால் இறங்கும். ஏர் ஃபில்டர் அடைத்தால் இறங்கும். பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடினால், கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டினால் கேட்கவே வேண்டாம். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டீசல் மிச்சமாகும் என்பது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் காலம் காலமாகச் சொல்லி வருவது. நாங்களும் அதை டிரைவர்களிடம் ஓதுவோம். "டைமிங்கை யார் சார் பார்ப்பது?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஷோரூமில் 17, 18 என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது எந்த ரோட்டில், எவ்வளவு சுமையோடு, யார் ஓட்டி எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். விற்கிற பையன் முழிப்பான். சுமை ஏற்றுவதற்காகவே வாங்குகிற வண்டிக்குச் சுமையைச் சொல்லாமல் மைலேஜ் சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை.

சரி, அந்த எண்ணை அப்படியே நம்புவோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர், மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கப் பையனுக்குப் பிக்கப் வேண்டுமாம். ஆன்ரோடு விலை 11 லட்சம். அப்பாவின் ரிட்டயர்மெண்ட் பணத்திலிருந்து முன்பணம் 2 லட்சம், மீதி 9 லட்சம் லோன், 5 வருடம்.

"மாமா, புது வண்டி லிட்டருக்கு 17 கொடுக்கும். டீசல் விக்கிற விலைக்குப் பழைய வண்டியெல்லாம் கட்டுபடியாகாது" என்றான் பையன். கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் விளம்பரத்தில் வருகிற வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தான்.

பேப்பரை எடுத்து எழுதச் சொன்னேன். ஊரிலிருந்து மார்க்கெட் 40 கிலோமீட்டர். போய்வர 80. மாதம் 25 நாள் என்றால் 2000 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 வீதம் 118 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் டீசல் செலவு சுமார் 11,000. ஏழெட்டு வருடம் ஓடிய பழைய வண்டி, லிட்டருக்கு 12தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 167 லிட்டர், 15,500 ரூபாய். ஆக மைலேஜால் மிச்சமாவது மாதம் 4,500.

இப்போது டியூவை எழுது என்றேன். 9 லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டி என்றால் மாதம் 19,300 ரூபாய் வருகிறது. அந்தப் பழைய வண்டி நாலரை லட்சத்துக்குக் கிடைக்கிறது. அப்பா கொடுக்கிற 2 லட்சம் போக இரண்டரை லட்சம் லோன். வட்டி 14 சதவீதம் என்று கூடுதலாகவே போட்டு, 3 வருடத்தில் கட்டினாலும் டியூ 8,500தான். வித்தியாசம் 10,800! மாதம் 4,500 மிச்சம் பிடிக்க 10,800 கூடுதலாகக் கட்டுகிறாய். பழைய வண்டிக்கு மெக்கானிக் செலவு மாதம் 3,000 எழுதிக்கொண்டாலும் இன்னும் 3,300 கையில் நிற்கிறது.

பையன் பேசவில்லை. அப்பாதான், "டீசலை விட டியூ பெரிசா இருக்கே சார்" என்றார்.

அதைத்தான் ஊர் பூராவும் சொல்ல ஆசைப்படுகிறேன். டீசல் விலையைப் பார்த்து மிரண்டு, அதைவிடப் பெரிய செலவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். சக்கரம் சுற்றினால்தான் டீசல் செலவு. மழை பெய்து காய் வரத்து நின்றால் அதுவும் நின்றுவிடும். விலை ஏறினால் வாடகையில் ஐம்பது நூறு கூட்டிக் கேட்கலாம், மண்டிக்காரர் முனகிக்கொண்டாவது கொடுப்பார். டியூவுக்கு மழை தெரியாது, பொங்கல் தெரியாது. என் டியூ ஏறிவிட்டது, வாடகையைக் கூட்டிக்கொடு என்று எந்த மண்டியில் போய்க் கேட்பது?

இன்னொரு கேள்வியும் கேட்டேன். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது வண்டியில் என்ன வரும்? "காலித் தக்காளிப் பெட்டி" என்றான். காலிப் பெட்டிக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள்? மாதம் 1000 கிலோமீட்டர் சும்மா வருகிறது. அதற்கு மட்டும் புது வண்டியிலேயே ஐந்தாயிரத்துக்கு மேல் டீசல். பழையதில் ஏழாயிரம். மாட்டுத்தீவனம், உரம், மளிகைச் சரக்கு என்று நாலு கடையில் பேசி, வாரத்தில் மூன்று நாள் ரிட்டன் லோடு பிடித்தால் அந்த மைலேஜ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. ஷோரூமுக்கு நாலு தடவை போய் வந்தவன், உரக்கடைக்கு ஒரு தடவையும் போகவில்லை.

மூன்று மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் குட்டி யானையை வாடகைக்கு எடுத்து ஓட்டச் சொல்லி அனுப்பினேன். லோடு, ரிட்டன், சும்மா நின்ற நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதவேண்டும் என்பது நிபந்தனை. எழுதுகிறான் என்று கேள்வி.

"டீசல் விலை இறங்கட்டும், அப்புறம் வாங்கலாம்" என்று இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு ஞாபகமறதி அதிகம். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. நமக்கு அந்த அளவு குறைந்ததா? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை ஏற்றியது. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கி எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்தபோது, 2020 மே மாதம் டீசலுக்கு ஒரே நாளில் லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். அதே மாதம் மாநில அரசும் தன் வரியை மாற்ற, டீசல் இரண்டரை ரூபாய் ஏறியது. ஆட்சி மாறி 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தார்களே என்பீர்கள். அது பெட்ரோலுக்கு. டீசலுக்கு இல்லை. பிறகு மத்திய அரசு 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் டீசலில் குறைத்தது உண்மை. ஏற்றினது எவ்வளவு, இறக்கினது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். காய் விற்கிறவன் பிழைப்பை இவர்கள் தயவில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேஸ் வண்டி, பேட்டரி வண்டி பற்றியும் கேட்கிறார்கள். டவுனுக்குள்ளேயே தண்ணீர் கேன், மளிகை, பார்சல் என்று தினமும் ஒரே சுற்று வருகிறவர்களுக்குப் பேட்டரி வண்டி நன்றாகவே ஒத்துவரும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். விடியற்காலை இரண்டு மணிக்குத் தோட்டத்துக்குள் போய்ப் பாரம் ஏற்றுகிறவர், போகிற வழியில் எங்கே சார்ஜ் போடுவது, எங்கே கேஸ் பிடிப்பது என்று முதலில் ஒரு தடவை டூவீலரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

பழைய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. சேஸிஸில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, பட்டை உடைந்து மாற்றியதா என்று அடியில் படுத்துப் பார்க்க ஒரு நல்ல மெக்கானிக் வேண்டும். எட்டு வருடம் தாண்டினால் எஃப்.சி. வருடா வருடம். பசுமை வரியும் உண்டு.

டீசல் செலவை ஈடுகட்ட நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. ஓவர்லோடு. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி. முக்கால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொன்னது. குட்டி யானை என்று செல்லப்பேர் வைத்துவிட்டு, பெரிய யானைக்கான பாரத்தை ஏற்றினோம். இன்று பிடித்தால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. அபராதத்தைக்கூட விடுங்கள். பாரத்தில் டயர் வெடித்து, பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்த கூலியாட்கள் செத்த செய்தி எத்தனை முறை படித்திருக்கிறோம்?

சுமையே ஏற்றாமல், டவுனில் ஜிம்முக்குப் போய்வர டபுள் கேபின் பிக்கப் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மைலேஜ் கேட்பதில்லை. நானும் அவர்களைக் கேட்பதில்லை.

நம்மை ஒத்தவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. முன்பணம் நம் ரிட்டயர்மெண்ட் பணத்திலிருந்து போகிறது, கியாரண்டி கையெழுத்தும் நாம்தான் போடுகிறோம். பையன் கட்டாவிட்டால் அந்தக் கையெழுத்தைக் காட்டி நம்மிடம் வசூலிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பென்ஷன்காரர், மகனின் பிக்கப்புக்கு ஒரு தனியார் ஃபைனான்ஸில் கையெழுத்துப் போட்டார். நாலு டியூ நின்றது. ஒருநாள் சந்தை வாசலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏலம் விட்டும் பாக்கி இருக்கிறது என்று இப்போது இவர் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். பென்ஷன் வந்த இரண்டாம் நாள் ஏழாயிரம் கட்டிவிட்டு வருகிறார். அந்த வண்டி லிட்டருக்கு 18 கொடுத்ததாம். அவரே சொன்னார்.