குளிர்காலத்தில் எத்தனை மாடு?

சுவிஸ் கிராமம் என்றாலே சாக்லேட் பெட்டியில் இருக்கிற படம்தான் ஞாபகம் வரும். பச்சைப் புல், மணி கட்டின மாடு, சன்னலில் சிவப்புப் பூ. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரரை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டுபோய் நாங்களும் அதைத்தான் காட்டுகிறோம். இந்த முறை அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு கணக்கைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஊரின் பெயர் டோர்பெல். ("கதவு மணியா அப்பா?" என்று என் மகள் சிரித்தாள்.) தெற்கே வாலிஸ் மாநிலத்தில், விஸ்ப் நகரத்துக்கு மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் வெயில் நன்றாக விழுகிற ஒரு மலைச்சரிவு. இப்போது அங்கே 500 பேர் அளவில் இருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நிற்கிற பெரிய மலைகள் மேகத்தை மறித்துவிடும். அதனால் சுவிட்சர்லாந்திலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் இதுவும் ஒன்று. மாட்டுக்குப் புல் வேண்டுமென்றால் மலையில் உருகி வருகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி இறக்க வேண்டும். அந்த வாய்க்கால்களை அங்கே 'சுவோனன்' என்பார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பது முறை வைத்துத்தான். எழுத்து பரவலாக வருவதற்கு முன்னால், வாலிஸ் கிராமங்களில் குடும்பக் குறியை மரக்குச்சியில் செதுக்கி உரிமைக் கணக்கு வைத்திருந்தார்கள். இந்தப் பாரம்பரிய நீர்ப்பாசன அறிவை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சுவிஸ் உட்பட ஏழு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கேட்டவை.

பழைய டோர்பெல் குடும்பத்துக்குச் சொத்து என்றால் ஒரே இடத்தில் இருக்காது. கீழே கொஞ்சம் திராட்சைத் தோட்டம், ஊரைச் சுற்றிக் கம்பு போன்ற 'ரை' தானியம் விளைகிற துண்டு நிலங்கள், அதற்கு மேலே புல்வெளி. அப்பா அம்மாவின் சொத்து ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்காமல் எல்லாருக்கும் சமமாகப் பிரியும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் பிரிந்து பிரிந்து வயல் துண்டாகிவிடும். வீட்டைக்கூட மாடி மாடியாகப் பங்கு போடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் கூடுதல் வாய்களுக்குச் சாப்பாடு கிடைத்தது.

இதெல்லாம் தனிச்சொத்து. காடு, வாய்க்கால், பாதை, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற கோடைக்கால மேய்ச்சல் மலை ஆகியவை ஊருக்குப் பொது. 1483இல் ஊர்க்காரர் கூடி இவற்றைப் பராமரிக்க ஒரு பத்திரம் எழுதினார்கள். 1517இல் ஒரு விதி வந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மலைக்கு அனுப்பலாம்.

ஒரு வரிதான். என்னைப் போல மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மலையில் புல் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளக்க வேண்டாம். கோடைக்கு மட்டும் பத்து மாடு வாங்கி, பொதுப் புல்லில் கொழுக்க வைத்து விற்கிற கெட்டிக்காரனுக்கு வழியே இல்லை. மீறினால் அபராதம், அபராதம் போடுகிற ஊர் அதிகாரிக்கு அதில் பாதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாரா? மலைக்குப் போன மாடுகளை அங்கேயே எண்ணிவிடுவார்கள். கோடை முடிவில் அந்த எண்ணிக்கைப்படிதான் வீட்டுக்கு வீடு சீஸ் பங்கு. வெட்டக்கூடிய மரங்களையும் ஊர் ஆட்களே குறித்துக் கொடுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து வெட்டி, சம அளவாக அடுக்கி, எந்த அடுக்கு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவார்கள்.

1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் கட்டாயம் அழியும், ஏனென்றால் ஒவ்வொருவரும் 'இன்னும் ஒரு மாடு' என்று விட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் வாதம். அதற்குச் சில வருடம் கழித்து ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் டோர்பெலில் தங்கி, ஊரின் பழைய ஏடுகளைத் தோண்டினார். அவருடைய புத்தகம் 1981இல் வந்தது. நூற்றாண்டுக் கணக்காக அந்த மலை அழியவில்லை. அந்த ஆய்வைத் தன் முக்கிய உதாரணங்களில் ஒன்றாக எடுத்த எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் ஆனார்.

இதுவரைக்கும் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாகச் சொல்லலாம். ஆனால் அந்த 1483 பத்திரத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. வெளியாள் டோர்பெலில் காணி வாங்கலாம். ஆனால் பொது மலையிலோ காட்டிலோ அவனுக்கு உரிமை கிடையாது. காசு கொடுத்து வயலை வாங்கலாம், ஊரை வாங்க முடியாது.

என் அப்பா 80களில் இந்த நாட்டுக்கு வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவினவர். எனக்கு அந்த வரியை வாசித்துவிட்டு அப்படியே தாண்டிப்போக முடியவில்லை. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, 'ஹைமாட்டோர்ட்' இருக்கும்: நீ எந்த ஊருக்கு உரியவன் என்பது. இங்கே குடியுரிமைக்கு நாடும் மாநிலமும் சம்மதித்தால் போதாது. 'கெமைண்டே' என்கிற ஊராட்சியும் சம்மதிக்க வேண்டும். அந்தப் பழைய ஊர்க் கதவின் மிச்சம்தான் இது.

டோர்பெல்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அது வெறுப்பு இல்லை, புல்லுக் கணக்கு. கூட நூறு மாடு ஏறினால் மலை மொட்டையாகிவிடும், அடுத்த குளிர்காலம் எல்லாருக்கும் பட்டினி. ஆனால் 2000ஆம் ஆண்டு லுசேர்ன் பக்கத்தில் எம்மன் என்ற ஊரில், குடியுரிமை கேட்ட 56 பேரை வாக்குச்சீட்டில் வைத்தார்கள். தேறியது எட்டுப் பேர். எட்டுப் பேரும் இத்தாலிய வழி வந்தவர்கள். அங்கே என்ன புல் தீர்ந்துபோகப் பார்த்தது? காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட வாக்கெடுப்பைத் தடுத்தது. பழைய விதியை வைத்திருந்தார்கள், விதிக்கான காரணத்தை மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகளின் வகுப்பில் ஹைமாட்டோர்ட் பற்றிக் கதைத்தார்களாம். பக்கத்தில் இருக்கிற பையனுக்கு அவன் ஒருநாளும் போகாத ஒரு மலைக்கிராமம். இவளுக்கு, நாங்கள் குடியுரிமை எடுத்த இதே புறநகர். "அவனுக்கு ஒரு மலை இருக்கு, எனக்கு ஒரு டிராம் நிலையம்தானா அப்பா?" என்று கேட்டாள். "அவன் பார்க்காத ஊர் அவனுக்கு. நீ ஒவ்வொரு நாளும் நடக்கிற ஊர் உனக்கு" என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை, மலைதான் வேண்டுமாம்.

டோர்பெலில் இப்போது பலருக்கும் சம்பளம் கீழே பள்ளத்தாக்கில்தான். விஸ்பில் இருக்கிற லொன்சா ஆலை பல தலைமுறையாக மலைக்காரருக்கு வேலை கொடுக்கிறது. மொடர்னா கொரோனா தடுப்பூசியின் மூலப்பொருள் தயாரான இடங்களில் அதுவும் ஒன்று. மாட்டு உரிமையை நம்பிப் பிழைக்கிற குடும்பம் குறைவு.

வருகிற கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விஸ்பில் ரயில் மாறி ஸ்டால்டனில் இறங்கினால் மஞ்சள் தபால் பஸ் மேலே ஏறும். பாதை முழுக்க வளைவு. குமட்டல் வருகிற பிள்ளைகளை முன் இருக்கையில் இருத்துங்கள், வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள்.